சம்பளம் இல்லாத பதவி

புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எனக்குக் கொடுத்த பதவிக்கு ஊராட்சி ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். பெயர்தான் நீளம். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, யாரையும் வேலையை விட்டு நிறுத்தும் அதிகாரமும் கிடையாது. யாராவது வேலையில் இருந்தால்தானே நிறுத்துவதற்கு? என் பொறுப்பில் இருந்த தொண்டர்கள் அத்தனை பேரும் என்னைப் போலவே கைக்காசு செலவழித்து வந்தவர்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வரமாட்டார்கள். வராதவர்களை நான் என்ன செய்துவிட முடியும்? வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, வராத பெண்ணின் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏன் புள்ள நேத்து வரல?" என்று கேட்கலாம். அவ்வளவுதான் என் அதிகாரம். பிற்பாடு ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகி, விடுப்புக்கும் ஊதிய உயர்வுக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தேன். ஆட்களோடு எப்படி வேலை செய்வது என்று அங்கே புதிதாக எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. எல்லாம் 1991-லும் 92-லும் லாந்தர் வெளிச்சத்தில் கற்றதுதான்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-ல் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கேரளத்துக்காரர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. புதுக்கோட்டையில் அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து அறிவொளி என்ற பெயரில் வேலையில் இறங்கினார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு 39 பேர்தான். எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. இங்கே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்று கணக்குப் போட்டால்கூட, 13 ஒன்றியங்களுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அத்தனை பேரையும் புதுக்கோட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு யாராலும் நடத்த முடியாது. ஊருக்கு ஒருவர், ஊராட்சிக்கு ஒருவர், ஒன்றியத்துக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தே ஆகவேண்டும். தகுதியான ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. கிடைத்த ஆளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த நெருக்கடிதான் எங்களைப் போன்றவர்களை முன்னால் தள்ளியது. வேறு யாருடைய பெருந்தன்மையையும் நான் இதில் காணவில்லை.

நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் இருந்தேன். எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் பட்டணத்திலிருந்து வருபவர்கள் காருக்குள் இருந்தபடி பார்த்துவிட்டுப் போகும் பாறைக் குன்றுகளும் தைலமரக் காடுகளும் கடலைக் கொல்லைகளும்தான் எங்கள் உலகம். அறிவொளிக் கலைக்குழு வந்து ஊர்ப் பொட்டலில் நாடகம் போட்ட இரவில் தொண்டராகப் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். நாங்கள் எல்லாரும் "சார்" என்போம். மேடைப் பேச்சு அவருக்கு வராது. பாட்டு அறவே வராது. அறிவொளியில் பாடத் தெரியாதவருக்கு மதிப்புக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்த ஒன்றியத்தில் எத்தனை பேரைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார் என்று எண்ணிப் பார்த்தால், பாடத் தெரிந்த பலரை அவருக்குப் பக்கத்தில்கூட நிறுத்த முடியாது.

சனிக்கிழமை ஆய்வுக் கூட்டம் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நடக்கும். சார் வந்து கடைசியில் உட்கார்ந்துகொள்வார். கூட்டத்தை நடத்துவது அந்த வாரம் யார் முறையோ அவர். முதல் வாரம் முறை வந்த பையன், என்ன செய்வதென்று தெரியாமல், "சார், நீங்களே ஆரம்பிச்சு வைங்க" என்றான். "நோட்டு உன் கையிலதானே இருக்கு?" என்றார் சார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் சங்கடமாக உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்தப் பையனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எந்த ஊர்ல எத்தனை மையம் நடக்குதுன்னு வரிசையாச் சொல்லுங்க" என்று தொடங்கினான். கூட்டம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இழுத்தது, ஒரே விஷயத்தை மூன்று பேர் பேசினார்கள், தேநீர் ஆறிப்போனது. சார் பேசியிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். அவர் பேசவே இல்லை.

மண்ணெண்ணெய் விஷயம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. இரவு வகுப்புக்கு லாந்தர் எரியவேண்டும். மையங்களுக்கென்று மண்ணெண்ணெய் ஒதுக்கியிருந்தார்கள். ஓர் ஊருக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. அந்த ஊர்த் தொண்டர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், கூட்டத்தில் குரலே எழும்பாமல் முறையிட்டாள். சார் நினைத்திருந்தால் பள்ளிக்கூடத்துத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "வட்ட வழங்கல் அலுவலருக்கு நீயே எழுது. எழுதி, நீயே கொண்டுபோய்க் கொடு." அவள் எழுதிக் காட்டினாள். ரகர றகரம் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. கணக்கு வாத்தியார் ஆனாலும் வாத்தியார்தானே, திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டு, "அதிகாரிக்குப் புரியும். போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தாலுகா அலுவலகத்தில் அவளை வெகுநேரம் நிறுத்திவைத்தார்களாம். ஒருத்தர் இன்னொரு மேசைக்குப் போகச் சொல்ல, அந்த மேசைக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருக்க, அவள் அசையாமல் நின்றிருக்கிறாள். திரும்பி வந்தபோது கையில் உத்தரவு இருந்தது. அதற்கடுத்த வாரங்களில் பக்கத்து ஊர்களில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, யாரும் சாரிடம் போகவில்லை. அந்தப் பெண்ணைத்தான் தேடிப் போனார்கள். எந்த மேசை, எந்த நேரம், யாரைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

சாரிடம் ஒரு குறையும் உண்டு. பாராட்டவே மாட்டார். நல்லது செய்தாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். எனக்கு அது உறைக்கவில்லை. ஆனால் சில பிள்ளைகள் அதனாலேயே மனம் விட்டுப்போய் நின்றுவிட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கருத்தாளர் அக்கா மாதத்துக்கொரு தடவை வருவார். அவர் நேர்மாறு. பெயர் மறக்கமாட்டார், போன தடவை யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மறக்கமாட்டார். "உங்க அப்பாவுக்குக் கால் வலி தேவலையா?" என்று ஒரு தொண்டரிடம் அவர் கேட்டதற்காகவே அந்தப் பிள்ளை இன்னொரு வருஷம் வேலை செய்தான். சாரின் முறையும் அந்த அக்காவின் முறையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்து நான் பார்த்ததில்லை. இரண்டும் வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று கல்குவாரியை ஒட்டிய குடியிருப்பு. அங்கே கற்போரில் ஓர் அக்கா இருந்தார். பகலெல்லாம் சம்மட்டி பிடிக்கிற கை. சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் சம்மட்டியைப் பிடிக்கிற பிடிதான். முதல் வாரம் அவர் கையில் உடையாத குச்சி இல்லை. மனக்கணக்கில் மட்டும் எங்களை மிஞ்சிவிடுவார். எத்தனை லோடு, லோடுக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, மேஸ்திரி எவ்வளவு மறைத்தார் எல்லாம் விரல் மடக்காமல் சொல்வார். எழுதத்தான் தெரியாது.

அந்த மையத்துத் தொண்டர் பெண் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகி, திருச்சிப் பக்கம் போய்விட்டாள். இது எங்களுக்கு வாடிக்கைதான். கல்யாணச் சீசனில் அறிவொளி பாதி மையங்களை இழக்கும். மாற்று ஆள் கிடைக்கவில்லை. மையத்தை மூடிவிட்டுச் சிலேட்டுகளையும் லாந்தரையும் எடுத்துவரலாம் என்று ஒரு நாள் இருட்டியபின் போனேன். தூரத்திலேயே வெளிச்சம் தெரிந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. லாந்தருக்குப் பக்கத்தில் அந்த அக்கா. பலகையில் 'லோடு' என்று எழுதியிருந்தார். புத்தகத்தின் அந்தப் பாடத்தில் அந்தச் சொல் கிடையாது. ஏன் அதை எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"மேஸ்திரி சீட்டுல அதத்தானே எழுதுறாரு? அத மொதல்ல படிக்க வேணாமா?" என்றார். பிறகு, "நான் முடிச்ச பாடம் வரைக்கும் இதுகளுக்குச் சொல்லிக் குடுத்துர்றேன். அதுக்கு மேல நீ வந்து எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ தங்கச்சி" என்றார்.

அப்படியே செய்தோம். வாரத்தில் ஒரு மாலை போய் அவருக்கு அடுத்த பாடத்தைச் சொல்லிக்கொடுப்பேன். அதை அவர் மற்ற இரவுகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். எப்போதும் தம் வகுப்பைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தார். அதற்கு மேல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பெண்கள் அவ்வளவு வேகமாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். எந்த எழுத்தில் இடறும் என்று அவருக்குத் தெரியும், அவரே போன வாரம் அதில் இடறியிருந்ததால். ஒருத்தியின் கையைப் பிடித்து 'ழ' சுழித்துக் காட்டியபோது, "பாறைய ஒடைக்கிற மாதிரி அமுக்காத. கோலம் போடுற மாதிரி விடு" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் பயிற்சிக் கையேடு எதிலும் இல்லை.

சனிக்கிழமை சாரிடம் சொன்னேன். பதிவேட்டில் அவர் பெயரைக் கற்போர் பட்டியலில் வைப்பதா, தொண்டர் பட்டியலில் வைப்பதா என்று எனக்குக் குழப்பம். "ரெண்டுலயும் இருக்கட்டும்" என்று சொல்லி அவரே எழுதினார்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஊராட்சிக்கு ஒரு கருத்தாளர் தேவைப்பட்டபோது, சார் தேர்ந்தெடுத்தது காலனியைச் சேர்ந்த ஒரு பெண்ணை. சிறப்பாகச் சொல்லிக்கொடுப்பாள், அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஊர்த்தெருவிலிருந்து வந்த தொண்டர்களில் சிலர் வட்டமாக உட்காரும்போது அவள் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். சார் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அடுத்த பயிற்சியைக் காலனிப் பள்ளியில் வைத்தார். சாப்பாடும் அங்கேயே சமைக்கப்படும் என்றார். இரண்டு பேர் வரவில்லை. அந்த இருவருக்காகப் பயிற்சி இடம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. சில வாரம் கழித்து ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மற்றவள் வரவே இல்லை. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போவதுதான் தலைமை என்று இப்போது பேசுகிறார்கள். வராதவரை விட்டுவிட்டு நடக்கத் தெரிவதும் அதில் அடக்கம் என்பது என் எண்ணம்.

அடுத்தது சைக்கிள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை பாடப்புத்தகத்தில் வந்த அளவுக்குப் பிரபலம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களில் நானும் இருந்தேன். கடையில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு லாபமும் கண்டுபிடித்தார்கள்: குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். விடுதலை, தன்னம்பிக்கை என்றெல்லாம் இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஊராட்சிப் பொறுப்பும் அதற்கு மேலான பொறுப்பும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. பெண்களுக்குத் திறமை போதாது, இரவில் போகமுடியாது என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் வண்டி. எங்கள் ஊருக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வகுப்போ இராத்திரி ஏழு மணிக்கு மேல். அண்ணன் தம்பி யாராவது கொண்டுவிட்டால்தான் அடுத்த ஊர் மையத்தைப் பார்க்கமுடியும். கடன் வாங்கியாவது கையில் ஒரு சைக்கிள் வந்ததும், "பெண்களால் முடியாது" என்ற பேச்சு தானாக அடங்கியது. ஒருவருக்குத் தலைமைப் பண்பு இல்லை என்று யாராவது சொன்னால், அவருக்குப் போய்வர வண்டி இருக்கிறதா என்று நான் முதலில் கேட்பேன். வண்டி என்றால் வண்டி மட்டும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பேசுவதற்கு ஒரு தொலைபேசி, செலவுக்குப் பத்து ரூபாய், எல்லாந்தான்.

பிறகு கற்போருக்குத் தேர்வு வந்தது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்கவேண்டும், பார்த்து எழுதினால் 7 சொல், கேட்டு எழுதினால் 5 சொல், நூறு வரை எண் தெரியவேண்டும் என்பதெல்லாம் தேசிய அளவில் வகுத்த விதி. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அப்பத்தாமார்களை நாங்கள் சோதித்த காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 1992-ல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது. விழா நடந்தது. அந்த ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. எங்கள் குவாரி அக்கா அவர்கள் குழுவின் கணக்கு நோட்டை எழுதினார். லோடு என்ற சொல்லை முதலில் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை.

தலைமை ஆசிரியை ஆனபின் தலைமைப் பண்புப் பயிற்சிகளுக்கு என்னைப் பலமுறை அனுப்பியிருக்கிறார்கள். குளிரூட்டிய அறை, திரையில் படம், கையில் ஒரு கோப்பு, நல்ல தலைவரின் குணங்கள் என்று ஒரு பட்டியல். பட்டியலில் தப்பே இல்லை, சொல்பவர்களும் நல்லவர்கள். ஆனால் பயிற்சி முடிந்து வெளியே வரும் யாரிடமும் கெட்டுப்போகக்கூடிய ஒரு வேலை ஒப்படைக்கப்படுவதில்லை. மண்ணெண்ணெய் வராவிட்டால் வகுப்பு நடக்காது என்ற நிலையில்தான் அந்தப் பெண் தாலுகா அலுவலகத்தில் அசையாமல் நின்றாள். பயிற்சி அறையில் போலிக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தால் ரகர றகரத்தைத் திருத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். என் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆசிரியையிடம் விட்டேன். மூத்தவர்களுக்கு வருத்தம். பெற்றோர்கள் அவளைக் கேள்வியால் துளைத்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேப்பமரத்தடியில் சார் பட்ட பாடு புரிந்தது.

இயக்கத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அறிவிப்பு வந்தபின் தொடர்கல்வி என்று கொஞ்ச காலம் நடந்தது. பிறகு ஆட்கள் மாறினார்கள், ஆர்வம் வடிந்தது. நேற்றுவரை ஓர் ஊராட்சியையே நடத்திய பிள்ளைகள் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கையில் ஒரு சான்றிதழ் மட்டும். சாதாரணப் பெண்களை இவ்வளவு தூரம் வளர்த்துவிட்டு, அவர்கள் ஏறுவதற்கு அடுத்த படியை யாரும் போட்டுவைக்கவில்லை. ஆளை வளர்ப்பது பாதி வேலை. வளர்ந்தவருக்கு இடம் பண்ணிக்கொடுப்பது மறுபாதி. அந்த மறுபாதியை அன்றைக்குச் செய்தவர்கள் குறைவு.

ஓரளவு இடம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1994-ன் ஊராட்சிச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆகி, 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேட்புமனுவைத் தாங்களே நிரப்பிய பெண்களில் அறிவொளி முகங்கள் பல. குவாரி அக்கா வார்டு உறுப்பினர் ஆனார். காலனிப் பெண் பால்வாடி ஆசிரியையாகப் போனாள். மண்ணெண்ணெய்ப் பெண் வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே மகளிர் குழு ஒன்றை நடத்துவதாகக் கேள்வி. சார் ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

அறிவொளி பற்றிய அறிக்கைகளில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன, இருக்கவேண்டியதுதான். தொண்டர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக்கூட நான் எங்கும் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் லாந்தர் பிடித்த யாராவது இதைப் படித்தால், ஒரு நோட்டில் உங்கள் ஊரின் பெயரையும் மையத்தின் இடத்தையும் எழுதிவையுங்கள். உங்களிடம் வேலையைக் கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். நீங்கள் போனபின் அதை யார் எடுத்துக்கொண்டார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.